தாழ்ப்பாள் குறித்த அறிவுப் பகிர்வு

செஞ்சியில் ஓர் அலுவலகம். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். என் மனு ஒன்று இன்னும் அங்கேதான் கிடக்கிறது. அதன் அதிகாரி அன்புச்செல்வன் சென்னையில் பயிற்சி பெற்று வந்து, வாட்ஸ்அப்பில் அறிவுப் பகிர்வுக் குழு ஒன்றைத் தொடங்கினார். அலுவலக அறிவு யாவும் இனி குழுவில் மட்டுமே பகிரப்படும். வாயால் சொல்லப்படும் அறிவு, அறிவாகக் கருதப்படமாட்டாது என்று ஆணை பிறந்தது. பக்கத்து மேஜைக்காரரிடம் பேனா வேண்டுமென்றாலும் குழுவில்தான் கேட்க வேண்டும். கட்டைவிரல் வரும். பேனா வராது.

ஒரு நாள் அதிகாரி பதிவேட்டு அறைக்குள் நுழைந்த நேரம், கோட்டையிலிருந்து இறங்கி வந்த குரங்கு ஒன்று கதவைச் சாத்தி, வெளித்தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுப் போய்விட்டது.

அதிகாரி தட்டினார், கத்தினார். ஊழியர்கள் ஆணையை மதிப்பவர்கள், யாரும் அசையவில்லை. வேறு வழியின்றிக் குழுவில் கேட்டார்: "இந்தக் கதவைத் திறப்பது எப்படி?"

"அருமையான கேள்வி சார்," என்று பதில் போட்டார் தலைமை எழுத்தர் ரஞ்சிதம். யாரோ ரோஜாப்பூவுடன் காலை வணக்கம் அனுப்பினார்கள்.

மகள் ரூபினாவைக் கல்லூரியில் சேர்க்க ஒரு சான்றிதழில் கையெழுத்து வாங்க வந்து காத்திருந்தார் எங்கள் தெரு சாந்த் பாஷா. அன்றுதான் கடைசி நாள். சத்தம் கேட்டு எழுந்து போய்த் தாழ்ப்பாளை இழுத்தார். வியர்த்து வழிய வெளியே வந்த அதிகாரி, நன்றியோடு பேனாவை எடுத்தார்.

"சார், பதிவு இல்லாம தொறந்திருக்குது," என்றார் ரஞ்சிதம். "ரெக்கார்டுப்படி நீங்க இன்னும் உள்ளதான் இருக்கீங்க. உள்ள இருக்கிறவரு வெளிய போடுற கையெழுத்து செல்லாது சார்."

அதிகாரி யோசித்தார். நியாயமாகத்தான் பட்டது. திரும்ப உள்ளே போய், "தாழ்ப்பாளப் போடுங்க," என்றார். போட்டார்கள்.

சாந்த் பாஷா ரஞ்சிதத்தின் மேஜைக்கு முன்னால் போய் நின்றார். "கொரங்கு இன்னா, பதிவு போட்டுட்டா பூட்டுச்சி மேடம்?"

"அது நம்ம ஸ்டாஃப் இல்ல பாய். உங்கள குழுவுல சேத்துட்டேன், பதில் போடுங்க."

'தாழ்ப்பாளை இழுத்தால் திறக்கும்' என்று பாஷா போட்டார். கைதட்டல்கள் குவிந்தன. உள்ளேயிருந்து அதிகாரியும் ஒரு கட்டைவிரல் போட்டார்.

"இப்ப இழுக்கட்டா?"

"பதில் சொன்னவரே இழுத்தா அது பகிர்வு ஆகாது பாய். வேற யாராச்சும் படிச்சிட்டு இழுக்கணும்."

நொந்துபோன மனிதர் எங்கள் தெருக் குழுவில் மன்றாடினார்: "ரூபினா படிப்பே போயிடும் போல இருக்குது. யாராச்சும் வந்து ஒரு தாழ்ப்பாளை இழுங்கப்பா!"

எங்கள் தெருவிலிருந்து அந்த அலுவலகம் கூப்பிடு தூரம்தான். அழுத முகங்கள், கூப்பிய கைகள், கட்டைவிரல்கள் என்று தெருவே திரண்டது, செல்போனில். ரூபினாவும் ஒன்று போட்டாள். தாழ்ப்பாளில் மட்டும் ஒரு விரலும் படவில்லை.