குன்வோரின் வியாழக்கிழமை

சாவியின் தலை ஹெல்மரின் கையில் இருந்தது. மீதிச் சாவி பூட்டுக்குள் இருந்தது. பூட்டு, சலவை அறைப் பலகையில், வியாழன் மாலைக்குரிய குழியில் இருந்தது.

"இப்படித்தான் நேரம் பிடிக்கணுமா, ஹெல்மர் அண்ணா?" என்று கேட்டாள் லமீஸ். ஒன்பது வயது. சில மாதங்களுக்கு முன்புதான் அப்பா அம்மாவோடு சிரியாவிலிருந்து ஸ்வீடனின் நோர்ஷோப்பிங் நகருக்கு வந்தவள். அதற்குள் பள்ளிக்கூடத்தில் ஸ்வீடிஷைப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்கே வாயாக இருந்தாள்.

"கடைசியாச் செஞ்சதை மட்டும் மறந்துடு," என்றான் ஹெல்மர். "அதுக்கு முன்னால சொன்னதெல்லாம் சரி."

அந்தப் பலகை உண்மையிலேயே அழகான ஏற்பாடு. கிழமைக்கு ஒரு வரிசை, வேளைக்கு ஒரு குழி. வீட்டுக்கு ஒரு பூட்டு, விரல் பருமனில். வேண்டிய வேளையின் குழியில் செருகித் திருகிவிட்டால், கீழ்த்தளத்துச் சலவை இயந்திரம் அந்த வேளையில் உங்களுடையது. ஒரே பூட்டுதான் என்பதால் யாரும் இரண்டு வேளைகளை அமுக்கிவைக்க முடியாது; ஒன்றைப் பிடிக்க இன்னொன்றை விட வேண்டும். பேச்சு வேண்டாம், கெஞ்சல் வேண்டாம். ஒரே கட்டடத்தில் ஆயுள் முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே துவைத்துக்கொண்டிருக்கலாம். ஹெல்மருக்கு இதில் மிகவும் பிடித்ததே அதுதான்.

ஆனால் பலகைக்குத் தெரியாத விதி ஒன்று இருந்தது. பூட்டைத் திருகி முடித்த பிறகுதான் லமீஸ் அதைச் சொன்னாள்.

"அது குன்வோர் அத்தையோட நேரம்."

"அவங்க பூட்டு இல்லையே?"

"அவங்க பூட்டே போட மாட்டாங்களாம். வியாழக்கிழமை சாயங்காலம் அவங்களோடதுன்னு எல்லாருக்கும் தெரியுமாம்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அவங்கதான் சொன்னாங்க."

"அவங்ககிட்டப் பேசினியா? மாடிப்படியில யாராவது நடந்தா, அவங்க போற வரைக்கும் கதவுக்குப் பின்னால நிக்கணும்னு சொல்லிக்குடுத்தேனே?"

"நின்னேன். அம்மாதான் கதவைத் திறந்து, அவங்களை உள்ள கூப்பிட்டு, உட்காரவெச்சுட்டாங்க."

அப்போதுதான் ஹெல்மர் பதறிப்போய்ப் பூட்டைத் திருப்பி எடுக்கப் பார்த்தான். அப்போதுதான் சாவி உடைந்தது.

அன்றைக்குப் பார்த்துத்தானா இது நடக்க வேண்டும்? மாலையில் நகராட்சியிலிருந்து சோல்வை வருவதாக இருந்தது, ஏற்பாடு எப்படிப் போகிறது என்று குடும்பத்திடம் விசாரிக்க.

ஹெல்மர் வடக்கே, காட்டோரத்து ஊர் ஒன்றிலிருந்து பொறியியல் படிக்க வந்தவன். பல்கலைக்கழகக் கூடத்தில் 'குடியமர ஒரு கை' என்று எழுதிவைத்த மேசையில் தன்னார்வலனாகப் பெயர் கொடுத்தான். மேசைக்குப் பின்னால் இருந்த சோல்வை கேட்ட கேள்விகள்தாம் கொஞ்சம் விசித்திரமாக இருந்தன.

"ராத்திரி யாரோட சாப்பிடுறே?"

"தனியா. பாத்திரம் கழுவற தொட்டிக்கிட்ட நின்னுக்கிட்டு."

"கடைசியா யார்கிட்டப் பேசினே?"

"இப்ப, உங்ககிட்ட."

சோல்வை அவனை வெகுநேரம் பார்த்துவிட்டு லமீஸின் அப்பா அம்மாவான ரூலா, கஸ்ஸான் தம்பதியின் முகவரியைக் கொடுத்தாள். அதிலிருந்து வாராவாரம் வியாழக்கிழமை அங்கே போய், குப்பையை எப்படிப் பிரிப்பது, கடையில் வரிசை எண் சீட்டை எங்கே கிழிப்பது என்றெல்லாம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான். கணவனும் மனைவியும் கவனமாகக் கேட்டுத் தலையாட்டுவார்கள். தங்களுக்குள் ஏதோ பேசிக்கொள்வார்கள். "நீங்க நல்லா முன்னேறிட்டு வர்றீங்கன்னு சொல்றாங்க," என்பாள் லமீஸ். மொழிபெயர்ப்பில் ஏதோ தடுமாறுகிறாள் என்று ஹெல்மர் விட்டுவிடுவான்.

அந்த ஊரில் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கதவு திறந்த வீடு அது ஒன்றுதான். குன்வோர் புகார் சொன்னால் சோல்வை வேறு ஆளை அனுப்பிவிடுவாள். அப்புறம் வியாழக்கிழமையும் தொட்டிக்கரைதான்.

"ஒண்ணும் ஆகலை," என்றான். "சீக்கிரமாத் துவைச்சு முடிச்சுட்டா, அவங்க வரும்போது மெஷின் காலியா இருக்கும். உங்க துணியை எடுத்துட்டு வா."

லமீஸ் கொண்டுவந்தாள். மேலே பெரிய சிவப்புக் கம்பளி ஒன்று. ஒரே தடவையில் வேலை முடியட்டும் என்று எல்லாவற்றையும் உள்ளே திணித்து, கதவை முழங்காலால் அழுத்தி மூடிப் பொத்தானை அமுக்கினான். மிகக் குறுகிய சுற்றை அமுக்கியதாக நினைப்பு. விளக்கு எரிந்தது மிக நீண்ட சுற்றில்.

இந்த வகை இயந்திரத்தில் ஒரு நல்ல பாதுகாப்பு உண்டு. உள்ளே தண்ணீர் இருக்கும்வரை கதவு திறக்காது. யாரும் தெரியாமல் திறந்து தரையைக் குளமாக்கிவிடக் கூடாதே என்பதற்காகச் செய்தது. ஹெல்மருக்கு இது தெரியும். தெரிந்தும், மின்சாரத்தை நிறுத்தினால் கதவு விட்டுக்கொடுக்கலாம் என்று சுவரிலிருந்த பெரிய விசையை இறக்கினான். இயந்திரம் நின்றது. கதவு விட்டுக்கொடுக்கவில்லை. அறை விளக்கு மட்டும் விட்டுக்கொடுத்தது.

இருட்டில் படிக்கட்டுப் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டது.

"குன்வோர் அத்தை," என்றாள் லமீஸ்.

"பேசாதே. போயிடுவாங்க."

"அவங்க இங்கதானே வர்றாங்க?"

கதவு திறந்தது. வாசல் வெளிச்சத்தில் குன்வோர், இடுப்பில் கூடையோடு.

"யாரு உள்ள?"

"யாருமில்லை," என்றான் ஹெல்மர்.

"நல்லது," என்று குன்வோர் விசையை ஏற்றினாள். விளக்கு எரிந்தது. சுவரோடு ஒட்டி நிற்கும் ஹெல்மரையும், கையாட்டும் லமீஸையும், பலகையில் தன் குழியில் செருகியிருந்த பூட்டையும் வரிசையாகப் பார்த்தாள். கூடையைத் தரையில் வைத்தாள்.

"இது என் நேரம், தம்பி."

"தெரியும். அதாவது, இப்பதான் தெரியும். இதோ முடிஞ்சிடும்."

இயந்திரத்தின் அடியில் சின்ன மூடி ஒன்று இருக்கும். அதைத் திறந்தால் குழாய் வழியே தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பாத்திரத்தில் பிடித்துக்கொள்ளலாம். பாத்திரத்தை முதலில் வைக்க வேண்டும் என்பதே இதில் முக்கியம். ஹெல்மர் முதலில் மூடியைத் திறந்தான்.

தண்ணீர் வந்தது. கம்பளியின் நிறத்தில் வந்தது. குன்வோரின் செருப்பைக் கடந்து, லமீஸின் காலுறையை நனைத்து, மூலைவரை போய்த் திரும்பியது. கையில் கிடைத்த துணியை எடுத்துத் தரையில் போட்டு ஹெல்மர் மும்முரமாகத் துடைத்தான். நன்றாக உறிஞ்சும் துணி.

"அது என் ஜன்னல் திரை," என்றாள் குன்வோர்.

ஹெல்மர் தூக்கிப் பார்த்தான். வெள்ளைத் திரை, பின்னல் ஓரம் வைத்தது. வெள்ளையாக இருந்தது என்று சொல்ல வேண்டும்.

"மறுபடி துவைச்சா போயிடும்," என்றான்.

"எதுல துவைக்கிறது?" என்று கேட்டாள் குன்வோர், இயந்திரத்தைப் பார்த்தபடி.

அதற்குள் லமீஸ் மாடிக்கு ஓடி அம்மாவைக் கூட்டிவந்துவிட்டாள். ரூலா வாசலில் நின்று தண்ணீரையும் திரையையும் பார்த்தாள். ஹெல்மரைக் கொஞ்சம் அதிகமாகவே பார்த்தாள். பிறகு குன்வோரின் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு படியேறினாள். திரும்பிப் பார்த்து ஏதோ சொன்னாள்.

"நீங்களும் சாப்பிட வரணுமாம்," என்றாள் லமீஸ்.

சமையலறையில் குன்வோர் கஸ்ஸானின் செருப்பைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கத்தரிக்காய்த் தட்டு அவளிடம் போய்க்கொண்டிருந்தது. கஸ்ஸான் ரோஜா நிறத் திரையை நாற்காலி முதுகில் விரித்து, தலையைச் சாய்த்து ரசித்துக்கொண்டிருந்தார். ஹெல்மர் ஒரு நொடி பார்த்துவிட்டு, நடைக்குப் போய்ச் செருப்புகளின் அருகே நின்றான். மற்றொரு குடும்பம் சாப்பிடும்போது அவன் ஊரில் அப்படித்தான். முடியும்வரை ஓரமாக நிற்க வேண்டும்.

ரூலா வந்து, வழக்கம்போல், அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துப்போய் உட்காரவைத்தாள்.

அழைப்பு மணி அடித்தது. சோல்வை.

ஹெல்மர் எழுந்து நின்றான். "நான் சொல்லிடறேன். பூட்டு, தண்ணி, திரை எல்லாம் என் தப்பு. இவங்க மேல ஒண்ணுமில்லை. இவங்க நல்லாவே கத்துக்கிட்டாங்க. அதனால என்னை நிறுத்தறதுன்னா…"

"இரு, இரு," என்றாள் சோல்வை. அவன் பேச்சு அவளுக்கு விளங்கவில்லை. "கேட்க வேண்டியதை இவங்ககிட்டக் கேட்டுக்கறேன்." ரூலாவின் பக்கம் திரும்பினாள். "எப்படி? ஏற்பாட்டை முடிச்சுக்கலாமா?"

ரூலா நீளமாகப் பேசினாள். கஸ்ஸான் இடையில் ஒன்று சேர்த்தார். குன்வோருக்கு அரபி தெரியாது. ஆனாலும் தலையாட்டினாள். ஹெல்மர் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைக்காமல் லமீஸையே பார்த்தான்.

"அம்மா சொல்றாங்க," என்றாள் லமீஸ், "அதுக்குள்ள முடிக்க வேண்டாமாம், தனியா இருக்கற ஸ்வீடன் பையன்னு சொல்லி, மனுஷங்களோட பழக்கிவிடுங்கன்னு நீங்க எங்ககிட்ட ஒப்படைச்சீங்களே, அவர் இன்னிக்குத்தான் முதல் தடவையா ஒரு பக்கத்து வீட்டுக்காரங்ககிட்டப் பேசியிருக்காராம், ஆனா இன்னமும் சாப்பாட்டு நேரத்துல செருப்புக்கிட்டப் போய் நிக்கிறாராம், அதனால அவர் குடியமர இன்னும் ஒரு வருஷமாவது ஆகுமாம்."