நடை வகுப்புக்கு நடந்து போனவன்

"அரை கிரெடிட் குறையுது, டெர்வின்," என்றார் மிஸஸ் ஓஸ்டர், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல். பள்ளியில் மாணவர்களுக்குப் படிப்பு ஆலோசனை சொல்வது அவர் வேலை.

"எதுல மிஸ்?"

"உடற்பயிற்சில."

டெர்வின் க்ளாசெனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பதினொன்றாம் வகுப்பிலிருந்தே பக்கத்து ஊர்க் கல்லூரியிலும் சேர்ந்து படித்து, பள்ளி முடியும் முன்பே இரண்டு வருடக் கல்லூரிப் பட்டத்தை வாங்கப் போகிறவன் அவன். கால்குலஸில் பாஸ், வேதியியலில் பாஸ். பந்து பொறுக்கிப் போடாததால் பள்ளியில் பெயில். பள்ளிச் சான்றிதழ் இல்லையென்றால் மாநிலப் பல்கலைக்கழகம் கொடுத்த இடம் கைவிட்டுப் போய்விடும்.

"இங்க பி.டி. கிளாஸ்ல சேர்ந்துக்கறேனே."

"அது பத்து மணிக்கு. அப்ப நீ காலேஜ் லேப்ல இருப்ப." அவர் கொஞ்சம் தேடினார். "காலேஜ்லயே நடைப்பயிற்சின்னு ஒரு கிளாஸ் இருக்கு. காலைல எட்டு மணிக்கு. சும்மா நடக்கணும், அவ்வளவுதான். பாஸ் பண்ணா இங்க அரை கிரெடிட் போட்டுடுவேன்."

நடப்பதில் யாராவது பெயிலாவார்களா? டெர்வின் நிம்மதியாகச் சேர்ந்தான். இரண்டாவது வாரம் அவனுடைய பழைய பிக்கப் வண்டியின் கியர் பெட்டி உயிரை விட்டது. கல்லூரிக்குப் போகும் பள்ளி வேன் ஒன்பது மணிக்குத்தான் கிளம்பும். அம்மா லோரெட்டாவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. ஐந்து மணிக்கே காரை எடுத்துக்கொண்டு எதிர்த் திசையில் போய்விடுவாள்.

"ஆறு மைல்தானேடா," என்றாள் அம்மா. "நடை கிளாஸுக்கு நடந்து போறதுல என்ன கேவலம்?"

நெப்ராஸ்காவின் பிப்ரவரிக் காற்று முகத்தில் அறைய அறைய நடந்தான். எட்டு பத்துக்குப் போய்ச் சேர்ந்தான்.

"ஆப்சென்ட்," என்றார் பயிற்சியாளர் பிரெவிட்.

"சார், நான் ஆறு மைல் நடந்து வரேன்."

"கிளாஸ்ல நடக்கறதுதான் நடை. நாலு ஆப்சென்ட் ஆனா பெயில், தெரியுமில்ல?"

மறுநாள் ஐந்தரைக்கே கிளம்பினான். நேரத்துக்குப் போய்விட்டான், கால்தான் வரவில்லை. பொழுதுபோகாமல் சேர்ந்திருந்த எழுபது வயதுப் பெண்மணி ஒருவர் மைதானத்தில் அவனை இரண்டு சுற்று முந்தினார். "வேகம் போதாது" என்று பிரெவிட் குறித்துக்கொண்டார். குதிகால் கொப்புளத்துக்காக இரண்டு சாக்ஸ் போட்டான். ஷூ இறுகி, கட்டைவிரல் நகம் கறுத்தது. நொண்டி நொண்டிப் போனதில் இன்னும் இரண்டு ஆப்சென்ட் சேர்ந்தது.

கால்வலியைவிட வேறொன்றுதான் அவனை அரித்தது. அந்தப் பக்கத்தில் யாரும் லிஃப்ட் கேட்பதில்லை. கேட்க வேண்டிய நிலைக்கு யாரும் விடுவதுமில்லை. ரோட்டோரம் ஒரு ஆள் நடந்தால் முதல் வண்டியே நின்றுவிடும். டெர்வினுக்கு மட்டும் ஒன்றும் நிற்கவில்லை. பாதிரியார் போனார். எதிர்வீட்டு ஹைன்ஸ் தாத்தா போனார். எல்லாரும் ஊர் வழக்கப்படி ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் காட்டிவிட்டு, நேராகப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

காரணம் அவனுக்குத் தெரியும். கல்லூரி வகுப்புக்காக அவன் ஃபுட்பால் அணியை விட்ட வருடம் பள்ளி ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. ஊர் மறக்கவில்லை என்று நினைத்தான். பிறந்த ஊரே தன்னை வேண்டாம் என்று ஒதுக்கியது பெரிய துக்கமாக இருந்தது.

கடைசியில் வெட்கத்தை விட்டான். அட்டையில் 'கல்லூரி வரைக்கும்' என்று பெரிதாக எழுதிப் பிடித்துக்கொண்டு நின்றான். மெதுவாகப் போன வண்டிகள் அதைப் படித்துவிட்டு வேகமெடுத்தன. ஒருவர் ஹாரன் அடித்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அட்டையோடு நின்றதில் இருபது நிமிடம் போயிற்று. அன்றைக்கு நாலாவது ஆப்சென்ட்.

திரும்பும் வழியில் பெட்ரோல் பங்க்கில் உட்கார்ந்தான். கல்லாவில் இருந்த டார்லா காபி ஊற்றிக் கொடுத்தாள்.

"என்னடா, மூஞ்சி செத்துக் கெடக்கு?"

"பெயில் ஆயிட்டேன்க்கா. பள்ளிச் சான்றிதழ் கெடையாது. யுனிவர்சிட்டியும் போச்சு."

"நடை கிளாஸ்லயா? நீ பேய் மாதிரி நடந்தியேடா."

"லேட்டா போய்ப் போய் பெயில். இந்த ஊர்ல ஒருத்தராவது வண்டியை நிறுத்தியிருந்தா பாஸ் ஆயிருப்பேன். என்மேல அவ்வளவு கோபமா எல்லாருக்கும்?"

டார்லா காபிக் கூஜாவை மெல்லக் கீழே வைத்தாள்.

"ரோட்டுல நீ நடக்கறதுக்குத்தான் மார்க்கு, யாராவது வண்டில ஏத்திக்கிட்டா உன் படிப்பே போயிடும்னு ஓஸ்டர் மேடம் சர்ச்சுல எழுந்து நின்னு கெஞ்சினாங்கடா, உன்னைத் தாண்டிப் போறப்ப நாங்க எத்தனை பேர் அழுதுக்கிட்டே ஓட்டினோம் தெரியுமா?"