ரெனாட்டாவை விடக்கூடாது

"இந்த நாத்தம் இன்னிக்கு மட்டும்தான்" என்றார் லைல் ஹாகன், காரில் காற்று வரும் துவாரங்களை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரெனாட்டா கோவல் மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். "எந்த நாத்தம்?"

நல்ல வளர்ப்பு என்று லைல் நினைத்துக்கொண்டார். செப்டம்பரிலிருந்து மே வரைக்கும் ஊரையே தூக்கும் அந்த வாடை தெரியாத மூக்கு உலகத்தில் இருக்க முடியாது.

"அதோ பாருங்க, பீட்ரூட் சர்க்கரை ஆலை. கவலைப்படாதீங்க, சீக்கிரமே மூடப் போறாங்க."

அப்படி ஒரு பேச்சே ஊரில் கிடையாது. வாயில் வந்துவிட்டது.

ரெனாட்டாவின் முகம் வெளுத்தது. "மூடப் போறாங்களா? யார் சொன்னது?"

"இல்லே... மூடலே. பெரிசாக்கறாங்க! இப்ப இருக்கறதைப்போல ரெண்டு மடங்கு!"

"அப்பாடா" என்று அவள் இருக்கையில் சாய்ந்தாள்.

தொழிலாளர்கள் மேல் இவ்வளவு கரிசனமா! லைலுக்கு அவள்மேல் மரியாதை கூடியது. பயமும் கூடியது. இப்படிப்பட்ட பெண் எதற்காக டோர்வால்ட் கல்லூரிக்கு வரப் போகிறாள்?

கல்லூரியின் கணிதம் மற்றும் கணினித் துறைக்கு லைல்தான் தலைவர். கணினி நடத்திய இருவரில் ஒருவர் ஓய்வு பெற்றார். அவர் இடத்துக்கு வந்தவர் முதல் பனிக்காலத்திலேயே ஓடிப்போனார். அதிலிருந்து, பிறந்ததிலிருந்து வடிவியல் தவிர வேறொன்றும் அறியாத லைல், மாணவர்களைவிட ஒரே ஒரு பக்கம் முன்னால் படித்துக்கொண்டு கணினிப் பாடம் நடத்திவந்தார். காலியான இடமோ டென்யூர் டிராக் வேலை. ஆறு வருடம் ஒழுங்காக ஓட்டினால் ஆயுசுக்கும் யாரும் அசைக்க முடியாது. ஆனாலும் இரண்டு வருடமாக நேர்முகத்துக்கு வந்தவர்கள் எல்லாம் ஊரைப் பார்த்ததும் கைகுலுக்கிவிட்டுப் போய்விட்டார்கள்.

"இந்தத் தடவையும் ஆள் பிடிக்கலேன்னா, அந்த வேலையைத் தூக்கி விளையாட்டு மேலாண்மைத் துறைக்குக் குடுத்துடுவேன்" என்று டீன் கான்ஸ்டன்ஸ் ப்ரூயிட் சொல்லியிருந்தார்.

ரெனாட்டாவோ கணிதமும் தெரிந்தவள், கணினியும் தெரிந்தவள். காப்பி இயந்திரம் வாங்குவதில்கூட ஒத்துப்போகாத துறை, அவள் விஷயத்தில் மட்டும் ஒரே குரலில் பேசியது. சங்கடம் என்னவென்றால், அவள் நேற்றுத்தான் கலிஃபோர்னியாவில் ஒரு கடற்கரைக் கல்லூரியில் நேர்முகம் முடித்துவிட்டு, அங்கிருந்து நேராகப் பக்கத்து நகரமான ஃபார்கோவின் விமான நிலையத்தில் வந்து இறங்கியிருக்கிறாள்.

மதியச் சாப்பாட்டில் சிக்கல் முற்றியது.

டீனின் கட்டளை ஒன்று இருந்தது. கல்யாணம் ஆயிற்றா, கணவன் என்ன செய்கிறான், குழந்தை உண்டா, இதையெல்லாம் வேலைக்கு வந்தவரிடம் கேட்கவே கூடாது. கேட்டால் வழக்கு. கணினிப் பக்கத்துப் பேராசிரியர் டெஸ்மண்ட், மனசில் ஒன்றுமில்லாதவர், வாயில்தான் எல்லாம்.

"ஏம்மா, இந்த ஊர்ல தனியா இருந்தாப் பைத்தியம் பிடிச்சுடும். உங்களுக்கு வீட்ல யாராவது..."

லைல் மேஜைக்கு அடியில் ஓங்கி ஓர் உதை விட்டார். உதை டெஸ்மண்டின் காலுக்குப் போகாமல் மேஜையின் காலுக்குப் போனது. மேஜை துள்ளியது. ரெனாட்டாவின் வெள்ளைச் சட்டை முழுக்கத் தக்காளி சூப்.

"என்னய்யா இது, பூகம்பமா?" என்றார் டெஸ்மண்ட்.

அரைமணியில் அவள் விரிவுரை ஆற்ற வேண்டும். லைல் கல்லூரிக் கடைக்கு ஓடினார். மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று: ஐஸ் ஹாக்கி அணியின் சட்டை. நெஞ்சில் கொம்பை நீட்டிக்கொண்டு ஒரு கடமான். முழங்கால் வரைக்கும் தொங்கியது.

"ரொம்பச் சூடா, நல்லா இருக்கு" என்றாள் ரெனாட்டா. லைலுக்கு அழுகை வந்தது.

விரிவுரை அறையில் இன்னும் பெரிய அதிர்ச்சி. வெளியே பனி கொட்ட ஆரம்பித்திருந்ததால் மாணவர்கள் எல்லோரும் வீட்டுக்கு நழுவியிருந்தார்கள். நாலே பேர், அதில் ஒருவன் தூங்கிக்கொண்டிருந்தான். டீன் பின்வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

லைல் தாழ்வாரத்துக்குப் பாய்ந்தார். ஹாக்கி அணி பயிற்சி முடிந்து மட்டையும் மூட்டையுமாகப் போய்க்கொண்டிருந்தது.

"டேய் பசங்களா! உள்ளே வந்து ஒரு மணி நேரம் உட்காருங்க. ஆளுக்கு அஞ்சு மார்க்!"

"தூங்கினா?"

"தூங்கினா மூணு!"

உள்ளே வந்தவர்கள் ரெனாட்டாவின் சட்டையைப் பார்த்தார்கள். அவ்வளவுதான். "கடமான்! கடமான்!" என்று மட்டைகளால் தரையை இடித்தார்கள். கூரையில் தொங்கிய புரொஜெக்டர் நடுங்கிற்று, இரண்டு முறை கண் சிமிட்டிற்று, அணைந்தே போயிற்று. லைல் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணுக்குள் விளையாட்டு மேலாண்மைத் துறை தெரிந்தது.

கண்ணைத் திறந்தபோது ரெனாட்டாவின் கையில் சாக்பீஸ் இருந்தது.

"உங்க டீம்ல யாருக்கும் யாருக்கும் ஆகாது?"

எல்லாக் கைகளும் எல்லாப் பக்கமும் நீண்டன.

"இவன் எனக்குப் பாஸே போட மாட்டான் மேடம்!"

"இவன் என் சீஸைத் தின்னுட்டான்!"

அவள் ஆளுக்கு ஒரு புள்ளி வைத்தாள். சண்டைக்கு ஒரு கோடு இழுத்தாள். சண்டைக்காரர்கள் ஒரே அறையில் தங்காமல் இருக்க, குறைந்தது எத்தனை அறை வேண்டும்? கோல் காப்பவன் மேலேறி வந்து நாலு என்றான். இன்னொருவன் அவனைத் தள்ளிவிட்டு மூன்றே போதும் என்று வரைந்து காட்டினான். கூச்சல் கூரையைப் பிளந்தது. ஆட்கள் கூடக்கூட இந்தச் சின்னக் கேள்வி எந்தக் கணினியையும் எப்படித் திணற வைக்கும், அதில் தான் புதிதாகக் கண்டுபிடித்த வழி என்ன என்பதை, அந்தச் சண்டைக்காரர்களை வைத்தே அவள் சொல்லி முடித்தபோது, தூங்கியவன்கூட எழுந்து நின்று தட்டினான். டீனும் எழுந்து நின்றார்.

"இருபது வருஷமா இதையேதான் நானும் நடத்தறேன். ஒரு பயலும் தட்டினதில்லே" என்று டெஸ்மண்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தாழ்வாரத்திலேயே துறை வாக்கெடுத்தது. ஒருமனதாக. வழக்கமாக வாரக்கணக்கில் இழுக்கும் வேலை; ஆனால் கடற்கரைக் கல்லூரி நாளைக்குள் பதில் கேட்டிருந்ததால் டீன் அப்போதே தன் அறைக்கு அழைத்தார்.

"இந்த வேலை உங்களுக்குத்தான். என்ன சொல்றீங்க?"

ரெனாட்டா தலையைக் குனிந்துகொண்டாள். பேச்சில்லை.

கடலலை அவள் காதில் கேட்கிறது என்று லைல் முடிவு கட்டினார். "முதல் ரெண்டு வருஷம் பாடம் குறைச்சலா எடுத்தாப் போதும்!" என்றார்.

டீனின் புருவம் உயர்ந்தது. ரெனாட்டாவின் தலை இன்னும் தாழ்ந்தது.

"ஜன்னல் வெச்ச ரூம்! என்னோடதையே தரேன். நான் மாடிப்படிக்குக் கீழே இருந்துக்கறேன்!"

அவள் உதடு துடித்தது.

"கார் இன்ஜினைச் சூடாக்க பிளக் வெச்ச பார்க்கிங்!"

டீனே நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த இடத்துக்காக வரலாற்றுத் துறையில் இரண்டு பேர் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள். அவருக்கும் ஆவேசம் தொற்றிக்கொண்டது. "சம்பளத்தையும் ஒரு படி ஏத்தறேன். இதுக்கு மேலே நான் என் நாற்காலியைத்தான் தரணும்."

ரெனாட்டா தலை நிமிர்ந்தாள். கண் நிறைந்திருந்தது. "சேர்ந்துக்கறேன்" என்றாள்; கையெழுத்தும் போட்டாள்.

லைல் டெஸ்மண்டைக் கட்டிப்பிடித்தார். கணிதமும் கணினியும் கட்டிப்பிடித்தது அந்தக் கல்லூரியில் அதுவே முதல் முறை. கடற்கரையை, சூரியனை, தென்னையை எல்லாம் தோற்கடித்துவிட்டோம்! தன் நாக்கின் வலிமையை நினைத்து லைலுக்கே புல்லரித்தது.

விமான நிலையத்துக்குக் கிளம்பியபோது ஃபார்கோ சாலையைப் பனி மூடிவிட்டது. ஊரில் இருந்த ஒரே விடுதியும் வழியில் மாட்டிக்கொண்ட லாரிக்காரர்களால் நிரம்பியிருந்தது. இந்தக் குளிரில் நின்றால் போட்ட கையெழுத்தையே அழிக்கச் சொல்வாளே!

"ஒண்ணும் கவலைப்படாதீங்க. எட்டாவது தெருவுல திருப்புங்க" என்றாள் ரெனாட்டா. "அந்தப் பச்சை வீட்டு வாசல்ல நிறுத்துங்க."

தெரிந்தவர்கள் யாராவதா என்று கேட்க வாயெடுத்தார் லைல். டீனின் முகம் நினைவுக்கு வர, வாயை மூடிக்கொண்டார்.

வாசலில் பனியை வாரிக்கொண்டிருந்த தாடிக்காரன் ஒருவன் மண்வெட்டியை எறிந்துவிட்டு ஓடிவந்தான். ஓட்டுகிறவர் யார் என்றுகூடப் பார்க்காமல் ரெனாட்டா பக்கத்துக் கதவைத் திறந்தான்.

"வேலை கிடைச்சுதா கண்ணு? நான் இங்கே சர்க்கரை ஆலையில வேலைக்கு வந்து ஆறு மாசமாச்சு, வீடும் வாங்கியாச்சு, பாதிச் சம்பளம்னாலும் அவங்க காலைப் பிடிச்சாவது சேர்ந்துடறேன்னு சொல்லிட்டுப் போனியே, பிடிச்சியா?"