குடும்ப மானத்துக்கு உகந்த முதல் சாகசம்

உலகில் மானம் என்ற ஒன்று இன்னும் மிச்சமிருக்கிறதென்றால், அதற்கு எங்கள் வீட்டு வாசல்தான் காரணம். தற்பெருமையாகச் சொல்லவில்லை, தகவலாகப் பதிவு செய்கிறேன். நான் சுங்கத்துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். பணிக்காலம் முழுவதும் என் கண்ணைத் தாண்டி ஒரு பெட்டி போனதில்லை. ஓய்வுக்குப் பிறகு அதே கண்ணை வீட்டு வாசலில் வைத்திருக்கிறேன்.

சான்று வேண்டுமா? என் மகள் தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்டாள். அதைக்கூடப் பெரிய மனதுடன் பொறுத்திருப்பேன். ஆனால் அழைப்பிதழில் என் பெயருக்குப் பின்னால் "சுங்க அதிகாரி (ஓய்வு)" என்று போடாமல் விட்டுவிட்டாள். சம்பந்தி பெயருக்குப் பின்னால் மட்டும் இரண்டு பட்டங்கள். அன்றே உத்தரவு பிறப்பித்தேன்: இனி அவள் இந்த வாசல்படியை மிதிக்கக் கூடாது. இன்றுவரை மிதித்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு என் அறையில் நான் "சற்றே கண்ணயரும்" நேரத்தில் இந்த வீட்டில் நிலவும் அமைதி இருக்கிறதே, ஒரு கரண்டி கீழே விழாது. மரியாதை என்றால் அது.

இப்படிப்பட்ட வீட்டுக்குள்தான் மருமகள் ஒரு விளையாட்டைக் கொண்டு வந்தாள். அவள் பல் மருத்துவர். ஊரார் வாயையெல்லாம் திறக்க வைப்பவளுக்கு என் வாயை மட்டும் மூட வைக்கத் தெரியாது.

"மேஜையைச் சுத்தி உக்காந்து ஆடுறது மாமா. ஆளுக்கு ஒரு வேஷம். வீரன், மந்திரவாதி, திருடி, இப்படி. நான் கதையை நடத்துவேன். அவங்க என்ன பண்றாங்கன்னு சொல்லணும். அது நடக்குதா இல்லையான்னு பகடை முடிவு பண்ணும்."

"எங்க ஆடப் போறீங்க?"

"ஹால்லதான். ஞாயித்துக்கிழமை மத்தியானம். மூணு பேர் போதும். உங்க பிள்ளை, அத்தை..."

"மூணாவது ஆள்?"

"வருவாங்க மாமா. அதுக்கு முன்னாடி ஒரு பெரிய வேலை இருக்கு. புதுசா ஆடுறவங்களுக்குன்னே சின்னச் சின்ன சாகசக் கதைங்க எழுதி வச்சிருக்காங்க. எதுல ஆரம்பிக்கலாம்னு நீங்கதான் சொல்லணும்."

தேர்வு செய்யும் அதிகாரம் என்னிடம் வந்ததும் மூன்றாவது ஆளைப் பற்றிய விசாரணை "ஒத்திவைக்கப்பட்டது". அன்று மாலையே தேர்வுக் குழு கூடியது. தலைவர் நான். உறுப்பினரும் நான். மனைவியும் மகனும் பார்வையாளர்களாக அனுமதிக்கப்பட்டார்கள்.

முதல் கதையை மருமகள் சமர்ப்பித்தாள். "ஒரு சத்திரம். அதோட நிலவறையில பெரிய பெரிய எலிங்க. சத்திரக்காரர் கூலி தர்றார். இவங்க போய் அடிக்கணும்."

"கூலிக்கு எலி அடிக்கிறதா? நம்ம குடும்பத்துலயா?"

"எல்லாரும் அதுலதான்பா ஆரம்பிக்கிறாங்க," என்றான் மகன்.

"ஆரம்பிக்கட்டும். நம்ம வீட்டுல எலின்னா மருந்து வைப்போம்."

அடுத்தது. "ஒரு வியாபாரியோட வண்டிக்குக் காவலாப் போகணும். வழியில குட்டிச்சாத்தான்கள் மறிக்கும்."

"வண்டியில என்ன சரக்கு?"

"கதையில சொல்லல மாமா."

"ரசீது?"

"கிடையாது."

"அப்போ குட்டிச்சாத்தான் பக்கம்தான் நியாயம். அதுங்களுக்கு ஒரு பாராட்டுக் கடிதம் கொடுக்கணும்."

மூன்றாவது, பழைய ராஜா ஒருவரின் கல்லறைக்குள் புகுந்து கிரீடத்தை எடுத்து வருவது.

"செத்தவங்க சொத்துல கை வைக்கிறதுக்குப் பேர் சாகசமா? அப்படிப்பட்டவனை நான் வாசல்ல ஏத்துவேனா?"

"உங்க அண்ணனை ஏத்துறீங்களே," என்றாள் மனைவி.

இந்தக் கருத்து கூட்டக் குறிப்பில் ஏற்றப்படவில்லை.

நான்காவதை மருமகள் கடைசியாக வைத்திருந்தாள். "ஒரு கோட்டை மாமா. வாசல்ல ஒரு பூதம். நூறு வருஷமா நகராம காவல் காக்குது. உள்ள ஒரு பொக்கிஷம் இருக்கு. இவங்க அதைத் தேடிப் போகணும்."

நிமிர்ந்து உட்கார்ந்தேன். "பூதம் லஞ்சம் வாங்குமா?"

"வாங்காது."

"தூங்குமா?"

மருமகள் என் மனைவியைப் பார்த்தாள். "அது ஆட்டத்துல தெரியும் மாமா."

ஒப்புதல் அளித்தேன். அந்தப் பூதத்தின் பொறுப்பை வேறு யாரிடமும் நம்பி ஒப்படைக்க முடியாது என்பதால் அதையும் நானே ஏற்றேன். விளையாட்டின் தரம் கருதி, அந்த ஞாயிற்றுக்கிழமை கண்ணயர்வதையும் தியாகம் செய்தேன்.

ஹாலில் மேஜை போட்டார்கள். என் எதிரே மூன்று நாற்காலிகள். ஒன்று காலி. மகன் வீரன். மனைவி திருடி வேஷம் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"நம்ம வீட்டுல திருடியா?" என்றேன்.

"எனக்குப் பழக்கம்தான்," என்றாள். நகைச்சுவையாக எடுத்துக்கொண்டேன்.

"பூதமே, வழி விடு!" என்றான் மகன்.

"முடியாது."

பகடையை உருட்டினான். தோற்றான். மறுபடி உருட்டினான். மறுபடி தோற்றான். பகடைக்கும் என் அருமை தெரிந்திருந்தது.

"உனக்கு என்னதான் வேணும் பூதமே?"

"மன்னிப்பு. எழுத்து மூலமா. முழுப் பட்டத்தோட."

"மாமா, அது கதையில இல்லையே."

"பூதத்துக்குத் தெரியும்மா அதோட கதை."

மனைவி பகடையைத் தொடவே இல்லை. "நான் பூதத்தோட பேசப் போறதில்ல. பேசிப் பேசி அலுத்துடுச்சு. பின்பக்கமாப் போறேன்."

"தாராளமாப் போங்க அத்தை. பின்கதவு திறந்துதான் இருக்கு."

"ஆட்சேபணை!" என்று மேஜையைத் தட்டினேன். "எப்போல இருந்து?"

"ரொம்ப நாளாவே மாமா," என்றாள் மருமகள். நோயாளியிடம் வலிக்காது என்று சொல்லும் குரல். "பொக்கிஷம் அந்த வழியாத்தான் வந்து போயிட்டு இருக்கு. கோட்டையில எல்லாருக்கும் தெரியும். பூதத்துக்கு மட்டும்தான் தெரியாது."

"இது பிழையான கதை! வாசல்ல அப்படி ஒரு பூதம் இருக்கும்போது..."

சமையலறையின் பின்கதவுத் தாழ்ப்பாள் விலகியது. செருப்பைக் கழற்றும் ஓசை. பிறகு, எனக்கு அறிமுகமே இல்லாத ஒரு சின்னக் குரல், மிகப் பழகிய கிசுகிசுப்பில் கேட்டது:

"பாட்டி, பூதம் தூங்கிடுச்சா?"

"ஷ்!" என்றது இன்னொரு குரல். அந்த "ஷ்" எனக்குத் தெரியும். நான் செய்தித்தாள் படிக்கும்போதெல்லாம் சின்ன வயதில் என் மகள் என்னிடம் வாங்கியது.

மகன் பகடையைத் தணிக்கை செய்யத் தொடங்கினான். மனைவி காலி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். வீட்டில் அதே ஞாயிற்றுக்கிழமை அமைதி. அதை விழித்திருந்து கேட்பது எனக்கு அன்றுதான் முதல் முறை. மரியாதை அல்ல அது. கரையில் கள்ளச் சரக்கு இறக்குகிறவர்கள் காக்கும் அமைதி. அந்த அமைதியை வைத்தே எத்தனை படகுகளைப் பிடித்தவன் நான்!

"உங்க முறை மாமா," என்றாள் மருமகள் மெதுவாக. "பூதம் என்ன பண்ணுது?"

கண்ணை மூடிக்கொண்டேன்.

"தூங்கிடுச்சு," என்றேன், சமையலறை வரை கேட்கும்படி.

காலி நாற்காலி இழுபட்டது. கண்ணெதிரே சரக்கு போகும்போது தூங்குவதாக நடித்த அதிகாரிகள்மேல் பணிக்காலத்தில் நானே புகார் எழுதி, வேலையை விட்டு அனுப்ப வைத்திருக்கிறேன். அன்று என்மேல் புகார் எழுத அந்த வீட்டில் யாருக்கும் நேரமில்லை. நூறு வருஷமாய் நின்ற பூதத்தைத் தாண்டி, எல்லோரும் பகடை உருட்டிக்கொண்டிருந்தார்கள்.