டாப் கியரில் மேம்பாலம்

2024 நவம்பர் 12, செவ்வாய். இன்றைய தவறு: என்ஜின் மேனிஃபோல்டின் போல்ட் இடைவெளியை இஞ்சில் அளந்துவிட்டு, பக்கத்தில் சென்டிமீட்டர் என்று எழுதிவிட்டேன். பட்டறையிலிருந்து செங்குட்டுவன் போன் செய்து, "இது காருக்கா, பொம்மைக் காருக்கா?" என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது. திருத்தி அனுப்பிவிட்டேன். இன்னும் எங்கெங்கே தப்பு செய்திருக்கிறேனோ.

எழுதி முடித்து நந்தினி பேனாவை மூடியபோது, வாசலில் அவள் அப்பா துரைராஜ் அம்பாசடரின் பானெட்டைத் திறந்து வைத்து, பழைய பனியன் துணியால் என்ஜினைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிலக்கரிச் சுரங்கத்தில் முதல் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அவர் செய்கிற முதல் வேலை அது. காபிகூட அதற்குப் பிறகுதான்.

அறுபத்தெட்டாம் வருஷத்து வண்டி. "எப்படி வந்துச்சோ அப்படியே வச்சிருக்கேன். ஒரு போல்ட்டைக்கூட எவனையும் மாத்த வுட்டதில்ல" என்று கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லுவார். சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. வண்டி நாற்பதுக்கு மேல் போகாது. மேம்பாலத்தில் ஏறும்போது பால்காரர் மொபெட்டில் தாண்டிப் போவார். போகிற போக்கில் நலம் விசாரிப்பார்.

"ஒரு காலத்துல பறக்கும். வயசாயிடுச்சு, என்னை மாதிரி" என்பார் துரைராஜ்.

மாதக் கடைசியில் அவருக்கு ரிடையர்மென்ட். குவார்ட்டர்ஸைக் காலி செய்து மந்தாரக்குப்பத்தில் வாடகை வீட்டுக்குப் போக வேண்டும். அங்கே வண்டி நிறுத்த இடம் இருந்தது. ஆனால் மேம்பாலம் ஏறத் திணறுகிற வண்டிக்கு எதற்கு இடம் என்று துரைராஜ் யோசிக்க ஆரம்பித்த நேரத்தில்தான், காடாம்புலியூரிலிருந்து நந்தினிக்கு அம்மாவழி உறவுக்காரர் பாலகுமார் வந்தார். முந்திரி வியாபாரம். ரோட்டோரத்தில் புதுக் கடை கட்டியிருந்தார்.

"வண்டியைக் கடை வாசல்ல மேடை கட்டி நிறுத்திடலாம் மச்சான். அது கூரை மேல சிமெண்ட்டுல பெருசா ஒரு முந்திரிப்பழம். பண்ருட்டி போறவன் அத்தினி பேரும் நின்னு பாப்பான். ஞாயித்துக்கிழமை அளவெடுக்க வரேன்."

நந்தினி அன்று தட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். பகலில் ஒரு காண்டிராக்ட் ஆபீசில் கணினி முன் உட்கார்ந்திருப்பவள், மாலை வகுப்பில் மெக்கானிக்கல் டிப்ளமோ சேர்ந்ததே அந்த என்ஜினைப் புரிந்துகொள்ளத்தான். அதன் தலையில் முந்திரிப்பழமா?

"ஞாயித்துக்கிழமை மேம்பாலத்துல டாப் கியர்லயே ஏறிடுச்சுன்னா?" என்று அப்பாவிடம் கேட்டாள்.

"ஏறிடுச்சுன்னா நான் ஏன் குடுக்கறேன்? சாவியை உன் கையில குடுத்துட்டு ஓரமா உக்காந்துக்கறேன். ஆனா ஒரு போல்ட்டு மாறியிருந்துச்சுன்னு வச்சுக்க, அன்னிக்கே காடாம்புலியூரு."

ஆக, என்ஜின் பார்வைக்குப் பழைய என்ஜினாகவும் ஓட்டத்துக்கு வேறு என்ஜினாகவும் இருக்க வேண்டும். தினமும் துடைக்கிற மனிதரின் கண்ணுக்குத் தெரியக் கூடாது. நந்தினி ஆபீசுக்கு நான்கு நாள் லீவு சொன்னாள்.

அவள் எதையும் சோதிக்காமல் நம்புகிறவள் அல்ல. சோதித்த பிறகும் அவ்வளவாக நம்ப மாட்டாள். வண்டியை நிறுத்தி வைத்து, கார்புரேட்டரில் ஆக்ஸிலேட்டர் இழுக்கும் நெம்புகோலைக் கையால் திருகிப் பார்த்தாள். என்ஜின் குவார்ட்டர்ஸ் பிளாக் முழுவதும் கேட்கும்படி கர்ஜித்தது. அதே என்ஜின் ரோட்டில் போனால் முனகியது. ஓடும்போது காற்று போதவில்லை என்று முடிவு செய்தாள். அப்படியானால் மாற்ற வேண்டியது இன்டேக் மேனிஃபோல்டு. கார்புரேட்டரிலிருந்து காற்றையும் பெட்ரோலையும் நான்கு சிலிண்டருக்கும் பிரித்துக் கொடுக்கும் குழாய்க்கூட்டம் அது.

புதன்கிழமை காலை துரைராஜ் ஷிஃப்டுக்குப் போன பிறகு, உடன் படிக்கும் செங்குட்டுவன் சாக்குப் பையோடு வந்தான். மந்தாரக்குப்பத்தில் அவன் சித்தப்பாவுக்கு லேத் பட்டறை. பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் திண்டில் வைத்தான்.

"ரெட்டைக் கார்புரேட்டர் மேனிஃபோல்டு. போட்டேன்னா மேம்பாலம் என்ன, ஏர்போர்ட்டே கேக்கும்."

"எங்கப்பாவுக்கு ரெண்டு வரைக்கும் எண்ணத் தெரியும் செங்கு."

"அப்ப பழைய இரும்பையே உள்ளாற குடைஞ்சுடலாம். வெளியில ஒண்ணும் தெரியாது."

"குடையும்போது ஓட்டை விழுந்தா?"

"விழாது."

"விழுந்தா?"

செங்குட்டுவன் பையில் வந்த இன்னொன்றை நீட்டினான். அலுமினியம். ஒரே கார்புரேட்டர்தான், ஆனால் பெரியது. குழாய்களும் அகலம். வெளி வடிவம் பழையதின் அண்ணன் மாதிரி இருந்தது. நந்தினி அதைக் கையில் வாங்கி, ஒரு துளை வழியாக ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். மறுபக்கம் வெளிச்சம் தாராளமாகத் தெரிந்தது. இதுதான் என்று தலையாட்டினாள்.

காபி கொண்டுவந்த அம்மா கண்ணகி எட்டிப் பார்த்தாள். "என்னடி இது, மாட்டு மடி மாதிரி?"

"இதைப் போட்டா வண்டி பறக்கும்மா."

"பறக்கணுமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மத்தியானத்துக்குள் மாட்டி முடித்தார்கள். அடர்ந்த கரிய என்ஜினுக்கு நடுவில் புது மேனிஃபோல்டு கல்யாண வீட்டு வெள்ளித் தட்டாக மின்னியது. நந்தினி அவசரமாக நிலக்கரித் தூளையும் பழைய ஆயிலையும் குழைத்து அதன் மேல் பூசினாள். அச்சு அசலாகப் பழசு. பூச்சு காயட்டும் என்று பானெட்டைத் திறந்தே வைத்தாள்.

மாலையில் துரைராஜ் துடைக்க வந்தார். இரண்டு இழுப்பில் வெள்ளி எட்டிப் பார்த்தது. ஜன்னலுக்குப் பின்னால் நந்தினி திரையை இழுத்து மூடிக்கொண்டாள்.

"கண்ணகி, இங்க வந்து பாரு" என்றார் துரைராஜ். "இத்தினி வருஷம் தொடச்சதுக்கு இன்னிக்குத்தான் பலன் தெரியுது. உள்ளாற இரும்பே வெள்ளியா இருந்திருக்கு." அன்று வழக்கத்தைவிட அழுத்தித் துடைத்தார். பானெட்டை மூடவே மனசு வராமல் திறந்தபடியே விட்டுவிட்டு உள்ளே போனார்.

வியாழக்கிழமை நந்தினி அதைக் கழற்றினாள். அழியாத, சூடு தாங்கும் துருநிறப் பெயிண்ட் அடித்தாள். டப்பாவின் மேல், சூட்டில் வாட்டினால்தான் பிடிக்கும் என்று போட்டிருந்தது. வேர்க்கடலை வறுக்கிற இரும்புச் சட்டியில் மணலைக் கொட்டி, அடுப்பில் ஏற்றி, மேனிஃபோல்டை அதில் புதைத்தாள். வீடு முழுக்க வாசனை. அந்த வாசனைக்கு நடுவே, மழையால் மைன்ஸில் வேலை நின்று, துரைராஜ் சீக்கிரமே வந்து, மழையில் பானெட்டைத் திறக்க மனசில்லாமல் நேராக வீட்டுக்குள் நுழைந்துவிட்டார்.

"என்ன வறுக்கறீங்க?"

"வேர்க்கடலைப்பா."

"ஒரு தட்டுல போட்டுக் குடு. மழைக்கு நல்லாருக்கும்."

நந்தினி குடையைக்கூட எடுக்காமல் பின்வாசல் வழியாக ஓடி, கடையில் வறுத்த கடலை வாங்கி வந்தாள். துரைராஜ் சாப்பிட்டுப் பார்த்தார்.

"பிரமாதம். ஆனா அடுப்புல என்னமோ பெயிண்ட் வாசனை."

"பக்கத்துக் குவார்ட்டர்ஸ்ல கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்கறாங்க" என்றாள் கண்ணகி, கீரை ஆய்ந்தபடியே, தலை நிமிராமல்.

"மழையிலயா?"

"அவங்க கேட்டு, அவங்க பெயிண்ட்டு."

அம்மா ஏன் காப்பாற்றினாள் என்று யோசிக்க நந்தினிக்கு நேரமில்லை. வெள்ளிக்கிழமை திரும்ப மாட்டியபோதுதான் தெரிந்தது: புது மேனிஃபோல்டு அரை இஞ்ச் உயரம். அதன் மேல் கார்புரேட்டரும், அதற்கு மேல் ஏர் கிளீனர் டப்பாவும் உட்கார்ந்ததும் பானெட் மூடவில்லை. அவளுக்கு அழுகை வந்தது. செங்குட்டுவன் டப்பாவின் அடிப்பாகத்தை அறுத்துக் குட்டையாக்கிக் கொடுத்தான். பானெட் மூடியது. ஆனால் ஸ்டார்ட் செய்தால் வண்டி சிங்கம் கொட்டாவி விடுவது போல் காற்றை இழுத்தது.

"இதைக் கேட்டா உங்கப்பாவுக்கு மட்டுமில்ல, அடுத்த பிளாக்குக்கே தெரிஞ்சுடும்" என்றான் செங்குட்டுவன்.

பழைய ஸ்கூட்டர் சீட்டின் பஞ்சைக் கிழித்து டப்பாவுக்குள் வளையமாகச் சுற்றினாள். சத்தம் அடங்கியது. காற்றும் அடங்கிவிட்டதோ என்று சந்தேகம் வந்தது. பஞ்சைப் பாதியாகக் குறைத்தாள். சத்தம் எழுந்தது. கொஞ்சம் சேர்த்தாள். சனிக்கிழமை முழுவதும் இப்படிச் சேர்ப்பதும் எடுப்பதுமாக, கடைசியில் எது சரியான அளவு என்பதே மறந்துவிட்டது. ஓட்டிப் பார்க்கலாம் என்றால் சாவி அப்பாவின் சட்டைப் பையோடு ஷிஃப்டுக்குப் போயிருந்தது. பானெட்டுக்குள் ஒயரை இணைத்து ஸ்டார்ட் செய்வதோடு சரி.

ஞாயிறு காலை பாலகுமார் அளவு நாடாவோடு வந்து இறங்கினார். மேடைக்கு அளவெடுக்கவாம்.

"மொதல்ல இதைப் பாரு மச்சான்" என்று துரைராஜ் பானெட்டைத் தூக்கினார். விரல் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போய், நேராக மேனிஃபோல்டின் மேல் நின்றது. நந்தினி செருப்பின் வாரைச் சரிசெய்வது போல் குனிந்துகொண்டாள்.

"ஒரு மழைக்கே திரும்பத் துரு கட்டிக்கிச்சு பாரு, அசல் இரும்பு. இந்த வார்ப்பு இருக்கே, இன்னிக்கு எவன் போடறான் இப்படி? ஒரிஜினல்னா ஒரிஜினல்தான்."

"முந்திரிப்பழத்தை இந்தக் கூரை தாங்குமா?" என்றார் பாலகுமார்.

எல்லோரும் ஏறினார்கள். பாலகுமார் முன்னால். கண்ணகியும் நந்தினியும் பின்னால். மேம்பாலத்தின் அடிவாரம் வரை வண்டி வழக்கம் போல் சாதுவாகப் போனது. நந்தினி கைகளைத் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். போல்ட்டை இறுக்கினேனா? பஞ்சு அதிகமோ? பால்காரர் மொபெட்டில் பக்கத்தில் வந்து, "என்ன சார், குடும்பத்தோட?" என்றார்.

துரைராஜ் டாப் கியரிலேயே மிதித்தார்.

முதலில் பால்காரரின் முகம் காணாமல் போனது. பிறகு அவர் கேள்வியின் மிச்சமும் பின்னால் விழுந்தது. வண்டி ஒரு தரம் உறுமி, மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏற்றத்தில் பாய்ந்தது. பாலகுமாரின் அளவு நாடா ஜன்னல் வழியே அவிழ்ந்து வால் போல் பறந்தது. உச்சியில் எதிர்ப்பட்ட கம்பெனி பஸ்ஸின் டிரைவர், துரைராஜை ஷிஃப்டுக்கு ஏற்றிப் போகிறவர், ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்துக் கும்பிட்டார். கண்ணகி கண்ணை இறுக மூடிக்கொண்டு, "மெதுவாங்க, மெதுவாங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். நந்தினிக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்தே வந்தன.

இறக்கத்தில் துரைராஜ் வண்டியை ஓரங்கட்டினார்.

"அறுபதைத் தொட்டுச்சு" என்றார் துரைராஜ் மெதுவாக. "ஒரு போல்ட்டு மாத்தல. பார்த்தியா மச்சான், மரியாதை குடுத்து வச்சிருந்தா இரும்புகூடத் திருப்பிக் குடுக்கும்."

பாலகுமார் தலைமுடியைச் சரிசெய்துகொண்டார். "இதைப் போயி நிறுத்தி வைக்கச் சொன்னேனே. நான் வேற ஏதாச்சும் டிராக்டரைப் பாத்துக்கறேன்."

வீட்டுக்கு வந்ததும் துரைராஜ் சாவியை நந்தினியின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை அவரே மூடிவிட்டார். பிறகு பனியன் துணியோடு வாசலுக்குப் போய்விட்டார். பாட்டு முணுமுணுக்கும் சத்தம் கேட்டது.

நந்தினி சமையலறைக்கு ஓடினாள். அம்மா ஒரு செம்பு தண்ணீரைக் குடித்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஜெயிச்சுட்டோம். எல்லாம் அந்த மேனிஃபோல்டுதான். நான் கணக்குப் போட்டது சரியா வந்துடுச்சும்மா."

கண்ணகி வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, மகளைக் கிட்டே இழுத்துத் தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"நாளைக்கு வரும்போது மந்தாரக்குப்பம் பழைய சாமான் கடையில மைன்ஸ் கன்வேயர் பெல்ட்டு ரப்பர் தடியா ஒரு துண்டு வாங்கினு வா, உங்கப்பா பண்ருட்டி ரோட்டுல என்னை வச்சுகினு பறந்த அன்னிக்கு, அவருக்குத் தெரியாம ஆக்ஸிலேட்டர் முழுசா அழுந்தாம அடியில நான் போட்டு வச்ச துண்டு இனிமே போதாது."