நண்டின் நீலம்

பெண் வீட்டாரின் மனதைக் கவர ஆயிரம் வழிகள் உண்டு. நண்டு அவற்றில் ஒன்றல்ல. இதைக் கண்டுபிடிக்க என் கலியாணத்தையே நான் பணயம் வைக்க வேண்டியிருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நடந்தது. நான் நாவற்குழிப் பக்கம் புதிதாக வேலைக்கு வந்த வாத்தியார். நீர்வேலி வாழைத்தோட்டக்காரர் ஒருவரின் மகள் பரமேஸ்வரியை எனக்குப் பேசியிருந்தார்கள். எங்கள் கடலோரத்து உவர்ச்சேற்றில் வான நீலத்தில் சின்ன நண்டுகள் உண்டென்று வருங்கால மாமாவிடம் பெருமையடித்தேன். (பொய்யில்லை. பின்னேரங்களில் வரம்பில் இருந்து அவற்றைப் பார்ப்பதுதான் என் பொழுதுபோக்கு.) அவர் நம்பவில்லை.

"கொண்டுவந்து காட்டுறன்" என்றேன்.

வேட்டியை மடித்துக் கட்டிச் சேற்றில் இறங்கினேன். துரத்தினேன், விழுந்தேன், வளைகளைக் கிண்டினேன். அகப்பட்டவற்றைத் தகரப் பேணியில் போட்டுச் சைக்கிளில் கட்டி, நீர்வேலி வரைக்கும் குலுக்கிக்கொண்டு போனேன்.

விறாந்தையில் எல்லாரும் கூடினார்கள்.

"வெள்ளிக்கிழமையிலை நண்டோ, தம்பி?" என்று மாமி மூக்கைப் பொத்தினார்.

பேணியைத் திறந்தேன். உள்ளே எல்லாம் சாம்பலும் சேறும் கலந்த நிறம். நீலம் மருந்துக்கும் இல்லை.

"உது நீலமோ?" என்றார் மாமா.

இல்லையென்று எனக்கே தெரிந்தது. ஆனால் ரோசம் விடுமா? "ஓம், நீலந்தான்!"

மாமி மெல்லத் தன் சேலைத் தலைப்பை நீட்டினார். "அப்ப இது என்ன நிறம், தம்பி?"

அசல் கிளிப்பச்சை. பதற்றத்தில் என் நாக்கில் ஒரே சொல்தான் இருந்தது.

"நீலம்."

கதவுக்குப் பின்னால் பரமேஸ்வரி சிரிப்பது கேட்டது. மாமி சிரிக்கவில்லை. நிறம் தெரியாதவனுக்குப் பெண் கொடுப்பதா என்று பேச்சு அன்றே நின்றது. கண்ணைக் காட்டப் போனேன்; மானிப்பாய் ஆசுப்பத்திரி டாக்குத்தர் பலநிறக் கம்பளி நூல்களைப் பரப்பி, என்னை இனம்பிரிக்கச் சொல்லிப் பார்த்து, கண்ணில் குறையில்லை என்றார். மாமிக்கு அப்போதும் சந்தேகம்.

கடைசியில் மாமாவே நாவற்குழிக்கு வந்தார். இரண்டு பேரும் வரம்பில் மூச்சுக் காட்டாமல் இருந்தோம். முதலில் வெறும் சேறு. பிறகு மங்கல் நண்டுகள் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தன. எங்களை மறந்து மேயத் தொடங்கிய பிறகுதான் ஓடுகளில் நீலம் ஊறி வந்தது. அந்தப் பின்னேர வெயிலில் சேற்றுவெளி முழுக்க நீலப் பூப் பூத்தது இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

மாமா என் காதருகே குனிந்தார். "வெருட்டினால் உதுகளின்ரை நிறம் செத்துப்போகும் போலை. அண்டைக்கு எங்கடை வீட்டிலை உம்மடை முகமும் சேறாத்தான் கிடந்தது."

ஆவணியில் கலியாணம் நடந்தது.

இப்போது எங்கள் மகள்மாரைப் பார்க்க வருகிற மாப்பிள்ளைமார் வாயடைத்துப்போய் இருந்தால், பரமேஸ்வரி என்னைத்தான் அதட்டுவாள்:

"கேள்வி கேட்டுக் கிண்டாமல் சும்மா இருங்கோ. பொடியனுக்கு நிறம் வரட்டும்."