அரைநாள் சாரின் நீண்ட லீவு

அரைநாளுக்கு மேல் தங்கத் தகுந்த ஊர் இந்தியாவிலேயே கிடையாது என்று தீர்மானமாகச் சொன்ன ஒரே மனிதர் எங்கள் பக்கத்து குவார்ட்டர்ஸில்தான் இருந்தார். சுரங்கத்தில் எலக்ட்ரீசியன். நெய்வேலியில் எங்கள் பிளாக் முழுக்க அவருக்கு அரைநாள் சார் என்றே பெயர்.

புது ஊரில் இறங்கியதும் கண்டக்டரிடம் திரும்பிப் போகிற கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பார். பிறகுதான் ஊரையே ஏறிட்டுப் பார்ப்பார். ஊட்டிக்கு மூன்று நாள் என்று கிளம்பிய குடும்பம் அன்று சாயங்காலமே மலையிறங்கியது. அவர் மனைவி வாங்கிய ஸ்வெட்டர் கவர் பிரிக்காமல் திரும்பி வந்தது. ஏன் சார் என்று கேட்டேன்.

"அதுக்கு மேல இருந்தா ஊரு நம்மளப் பாக்க ஆரம்பிச்சிடும்ங்க" என்றார்.

தொண்ணூற்றாறில் அவருடைய ஒரே மகள் ஸ்டெல்லாவுக்குக் கல்யாணமாகி, நாக்பூருக்கு அந்தப் பக்கம் ஒரு மில் ஊரில் குடித்தனம் வைக்க வேண்டியிருந்தது. மனைவிக்கு முழங்கால் வலி. இவர் மட்டும் கூடப் போனார். ரயிலில் இரண்டு நாள் போய் அங்கே அரைநாள் இருப்பார் என்று பிளாக்கே சிரித்தது.

நான்காம் நாள் எங்கள் வீட்டுக்குப் போன் வந்தது. லீவை நீட்டிக்க எழுதிக் கொடுக்கச் சொன்னார்.

"மாப்ள வேலைக்குப் போயிடுறாருங்க. இந்தப் புள்ள கதவ சாத்திகினு உள்ளயே உக்காந்துகினு இருக்குது. பாஷை தெரியல. கடைக்குப் போவவே பயப்படுது."

அதற்குப் பிறகு வாரம் ஒரு போன், வாரம் ஒரு நீட்டிப்பு. சேர்த்து வைத்திருந்த லீவெல்லாம் கரைந்தது. தினமும் மகளைக் கூட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனாராம். இவர் முதலில் தப்புத் தப்பாக இந்தி பேசுவார். கடைக்காரர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் மகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூச்சம் விட்டுப்போயிற்று. முப்பத்தெட்டாம் நாள், அழுகின தக்காளியைத் தள்ளிவிட்ட கடைக்காரியிடம் ஸ்டெல்லா தனியாகவே இந்தியில் சண்டை போட்டாள். அப்பா பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் அங்கிருந்தே நேராக ஸ்டேஷனுக்குப் போய் டிக்கெட் எடுத்துவிட்டார்.

அவரை அழைத்து வரப் பக்கத்து வடலூருக்குப் போயிருந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கியவரிடம் மகள் ஊர் எப்படி என்று விசாரித்தேன். அங்கே பெரிய ஏரியும் பழைய கோட்டையும் உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"ஊரா? அத எங்கங்க பாத்தேன்" என்றார்.

அவர் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டேன். அவர் இல்லாத அந்த நாற்பது சொச்சம் நாளும், நான் பதினைந்து வருஷமாகக் குடியிருந்த பிளாக் எனக்கு யாரோ ஒருவருடைய ஊர் மாதிரி இருந்ததை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.